குராஷினாவின் நட்சத்திரமும் பக்கத்து நட்சத்திரமும்

அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களைக் கண்டாலே மருந்துக்கடைக்காரர் குராஷினா தொகுஜிக்கு ஆகாது. எவனோ ஒருவன் குளிரில் விறைத்துப்போய் வானத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடிப்பானாம், மறு மாதமே இவர்கள் போய் அங்கே ஆளைக் குடிவைத்து, காதலிக்க வைத்து, சண்டையும் மூட்டிவிடுவார்களாம். பேன் பார்க்கிற குரங்குக்குக்கூட இவர்களைவிடப் பொறுமை அதிகம் என்பார்.

அவர் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் தனுசு மண்டலத்தில் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் விசித்திரத்தை அவர்தான் கண்டுபிடித்தார். முப்பத்தேழு நாளுக்கு ஒரு தடவை அது மூன்றில் ஒரு பங்கு மங்கும். நான்கு நாள் அப்படியே கிடக்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் பழைய வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்த வகை நட்சத்திரம் அப்படி மங்கவே கூடாது. ஏன் மங்குகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நட்சத்திரம் பார்ப்போர் சங்கத்தில் அதற்கு 'குராஷினாவின் நட்சத்திரம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அறுபத்தொரு வயதில் அவரிடம் சொத்தென்று சொல்லிக்கொள்ள அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது. கடை அப்பா கொடுத்தது.

அந்த நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டுதான் ஹோசாகா மிட்சுஏ என்ற பெண்மணி நாவல் எழுதினாள். அங்கே வாழும் உயிர்களுக்கு முப்பத்தேழு நாளுக்கு ஒரு தடவை தூக்கம் வருமாம், அப்போது சூரியனுக்குக் குறுக்கே திரையை இழுத்து மூடிக்கொள்வார்களாம். நாவல் சக்கைப்போடு போட்டது. ஈனா பள்ளத்தாக்கில் இருந்த அவருடைய சின்ன ஊருக்குப் பித்துப் பிடித்தது. ரயில் நிலையத்தில் கொடி கட்டினார்கள். பலகாரக் கடையில் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாகப் பருப்பு உருண்டை செய்து 'திரை உருண்டை' என்று பெட்டியில் அடுக்கினார்கள். குராஷினா அந்த நாவலைச் சிவப்புப் பென்சிலும் கையுமாகப் படித்து நூற்றுப் பன்னிரண்டு தவறுகளுக்குக் கோடு போட்டார். அவர் மனைவி, சுமியே என்று பெயர், அதை இரண்டு தடவை படித்து இரண்டு தடவையும் அழுதாள். அது அவருக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பொதுமன்றத்தில் விழா. மேடையில் கண்டுபிடித்தவரும் கதை எழுதியவளும் பக்கத்தில் பக்கத்தில். எல்லார் முன்னாலும் அவளைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று குராஷினா ஒரு மாதமாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவளே கடைக்கு வந்து நின்றாள். ஐம்பதை ஒட்டிய வயது, சாம்பல் நிற மழைக்கோட்டு, கையில் ஒரு பெரிய காகித உறை. ஊரே அவளை 'சென்செய்', அதாவது ஆசான், என்று கூப்பிட்டது. குராஷினா எழுந்துகூட நிற்கவில்லை.

"என்ன, உங்க ஆளுங்க திரைய இழுக்கற கயிறு அறுந்துபோச்சா?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "மேடையில பேசற விஷயமில்ல இது, குராஷினா சான். அதான் ஒரு நாள் முன்னாடியே வந்தேன்" என்றாள், 'சான்' என்ற மரியாதை குறையாமல்.

அவள் சொன்ன விஷயத்தைப் புரிந்துகொள்ள, குராஷினா நட்சத்திரம் பார்க்கும் விதம் தெரிய வேண்டும். கேமராவை அவர் தொடமாட்டார். தொலைநோக்கியில் கண்ணை வைத்து, வெளிச்சம் மாறாத ஒரு பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு, இது அதைவிட எவ்வளவு மங்கல் என்று கணக்குச் சொல்வார். மற்றவர்கள் இரண்டு மூன்று நட்சத்திரங்களை வைத்து ஒப்பிடுவார்கள். சங்கம் அச்சிட்ட வரைபடமும் அதற்கென்றே சிலவற்றைக் குறித்துக் கொடுத்திருந்தது. அவை எட்டத்தில் இருக்கின்றன, கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று குராஷினா அவற்றைத் தள்ளிவிட்டு, ஒட்டியிருந்த ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து, தானே வரைபடம் போட்டார். கண் பழகியவனுக்கு ஒன்று போதும் என்பது அவர் கட்சி. மங்கலை உறுதி செய்த இன்னும் இரண்டு பேரும் அவர் போட்ட வரைபடத்தை வைத்துத்தான் பார்த்தார்கள். தெற்கே கோச்சி என்ற ஊரில் இருந்த ஒரு சங்க உறுப்பினர் மட்டும் கேமராவில் படமெடுத்து, தனக்கு மங்கல் தெரியவில்லையே என்று எழுதினார். முதலில் கண்ணாடியைத் துடையுங்கள் என்று குராஷினா அவருக்குத் தபால் அட்டை போட்டார்.

ஹோசாகா எழுத வருவதற்கு முன் இருபது வருடம் ரயில்வேயில் கால அட்டவணை போடும் வேலையில் இருந்தவள். அடுத்த பாகத்துக்குத் திரை விழும் தேதிகள் சரியாக வேண்டுமென்று, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆராய்ச்சி மையங்கள் பொதுவில் வைத்திருக்கும் வானப் படங்களை எடுத்திருக்கிறாள். ஒன்றோடு அல்ல, இருபது நட்சத்திரங்களோடு ஒப்பிட்டிருக்கிறாள். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து உறையில் வைத்திருந்த தாளை மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே விரித்தாள். குராஷினாவின் நட்சத்திரம் நான்கு வருடமும் ஒரே நேர்கோடாகக் கிடந்தது. முப்பத்தேழு நாளுக்கு ஒரு தடவை வெளிச்சம் பொங்கித் தணிந்துகொண்டிருந்தது அவர் ஒப்பிட எடுத்துக்கொண்ட பக்கத்து நட்சத்திரம்.

அது பொங்கும்போதெல்லாம் இது மங்கியதாகத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

குராஷினாவுக்கு முகம் கொதித்தது. "பொய் எழுதிப் பொழைக்கறவ எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டியா?" என்றார். மரியாதை கழன்று விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"என் புத்தகத்தோட அட்டையிலேயே கதைன்னு போட்டிருக்கு" என்றாள் அவள் நிதானமாக. "உங்க வரைபடத்துல அப்படி எதுவும் போடலையே."

அவர் விருட்டென்று உள்ளே போனார். அவளைப் பொய்யாக்கத்தான் போனார். நான்கு வருடக் குறிப்பேடுகளையும் தரையில் பரப்பினார். முதல் வருடம் ஜூன் மாதத்துப் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'பக்கத்து நட்சத்திரம் இன்று அதிக வெளிச்சமோ?' அதை அடித்துவிட்டு, 'இல்லை, கண் அசதி' என்று எழுதியிருந்தார். ஜூலையில் இன்னொன்று. அதையும் அடித்திருந்தார். மொத்தம் ஐந்து இடத்தில் உண்மையைக் கண்ணால் பார்த்து, ஐந்து இடத்திலும் தன் கையாலேயே அடித்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டு தவறுகளுக்குக் கோடு போட்ட மனிதர் அந்த ஐந்து கோடுகளையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். வெட்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது சுமியே அவளுக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்திருந்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியாது என்றாள் ஹோசாகா. சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம், தன் வாயிலிருந்து வராது என்றாள். பிறகு, "அந்தப் பக்கத்து நட்சத்திரம் மாறுதுன்னு இதுவரைக்கும் யாரும் பதியல. அதை உங்க பேர்லயே அனுப்பிடுங்களேன். நாலு வருஷம் முழிச்சிருந்தது நீங்கதானே" என்றாள்.

குராஷினா யோசித்தார். யோசிக்க யோசிக்க அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. போனது ஒன்று என்றால் வந்தது ஒன்று. குறிப்பேட்டில் அடித்ததை அடிக்காதது போலக் காட்டினால் போதும், பெயர் கைவிட்டுப் போகாது. சங்கத்தில் அனுப்புகிறவர் சொன்னதுதான் பேச்சு, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். தேவைப்பட்டதெல்லாம் ஒரு சின்னக் கதை.

இழுப்பறையிலிருந்து, புதிய கண்டுபிடிப்பைப் பதியும் சங்கத்தின் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். முந்தைய தவறு என்ற இடத்தில், 'குராஷினா தொகுஜி போட்ட வரைபடம் பிழையானது, அதைக் கொண்டு பதிந்த அனைத்தையும் நீக்கவும்' என்று எழுதினார். அது ஆச்சரியமாகச் சீக்கிரம் முடிந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் 'ஹோசாகா மிட்சுஏ' என்று எழுதும்போது அவள் வேண்டாம் என்று கையை நீட்டினாள். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்த கட்டம் தொழில். பேனா அங்கே நின்றுவிட்டது. முன்னாள் ரயில்வே ஊழியர் என்று எழுதலாம், அதுவும் உண்மைதான், நாடு முழுவதும் அந்தப் படிவத்தைப் படிக்கப்போகிறவர்கள் முன்னால் அவருக்குக் கொஞ்சம் மானமாவது மிஞ்சும்.

"என்னன்னு போட?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

குராஷினா பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு எழுத்தும் விடாமல், 'அறிவியல் புனைகதை எழுத்தாளர்' என்று எழுதினார்.