வெள்ளைச்சியின் முனகல்

உச்சிப்புளியில் அஸர் தொழுதுவிட்டு சூஃபியா போனை எடுத்தால், அந்தப் பக்கம் வளைகுடாவில் அவள் புருஷன் இஃப்திகார் அரபி வீட்டுப் பண்ணையில் பதினொரு அல்பாக்காக்களோடு நிற்பான். கல்யாணமான இருபதாம் நாளே விமானம் ஏறியவன். இந்த இரண்டு வருடத்தில் அவளுக்குப் புருஷனைவிட அல்பாக்காவைத்தான் நன்றாகத் தெரியும். பெரு நாட்டு மலைச்சாதி, ஒட்டகத்துக்குச் சொந்தம், உயரத்தில் ஆட்டைக் கொஞ்சம் மிஞ்சும். மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கோபம் வந்தால் துப்பும். பதினொன்றும் ஒரே மூலையில்தான் புழுக்கை போடும். "நம்ம ஊரு ஆளுகளுக்குத் தேவலை" என்பான். வருடம் ஒருமுறை கம்பளியைக் கத்தரித்துவிட்டால் நனைந்த கோழி மாதிரி அசடு வழிய நிற்கும்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது அவற்றின் முனகல். ‘ம்ம்ம்’ என்று ஒன்று தொடங்க, மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும். கேட்டபடியே கண் அயர்வாள். கடற்கரை மணலில் மெத்தைப் பாதம் வைத்துச் சத்தமில்லாமல் அவை நடந்து வரும். கடைசியாக அவன் வருவான். விழித்தால் கையில் போன் மட்டும் சூடாக இருக்கும்.

அன்று அவன் முகம் செத்திருந்தது.

"வெள்ளைச்சி நாலு நாளாப் புல்லைத் தொடலை. இது போச்சுன்னா அடுத்த மாச லீவும் போச்சு. மொதலாளி சொல்லிட்டாரு."

இருமுகிற ஆட்டை மந்தையிலிருந்து பிரித்துத் தனியே கட்டுவது ஊர் வழக்கம். அங்கேயும் அந்த வெள்ளை அல்பாக்கா இருமியதும் அதையே செய்திருந்தான். இருமல் நின்றுவிட்டது, டாக்டரும் நோய் இல்லை என்றுவிட்டார். அதுவோ சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தது.

"போனை அதுக்கிட்டக் கொண்டு போங்க மச்சான்."

ஒற்றை முனகல். இழுத்தது, நின்றது, பதிலுக்குக் காத்திருந்தது, மறுபடி இழுத்தது. சூஃபியா போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

"அதுக்கு நோவு ஒண்ணுமில்ல. ஆடுன்னு நெனச்சு ஒத்தையில போட்டு வச்சிருக்கீங்க. மத்ததுககூடச் சேத்து விடுங்க."

மறுநாள் போனில் வெள்ளைச்சி மந்தைக்கு நடுவே நின்று புல் மென்றது. அவனுக்குச் சிரிப்புத் தாளவில்லை.

"லீவு உறுதி புள்ள! இந்த ஜீவனப் பாரேன், நாலு நா ஒத்தையில இருக்க முடியல."

"எனக்கு மட்டும் ரெண்டு வருசம் முடியும்னு யாரு சொன்னா?"

அவன் சிரிப்பு நின்றது. இதுவரை அவள் இப்படிக் கேட்டதே இல்லை. கேட்டபின் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ள மனமில்லை.

"லீவுக்கு வர வேணாம் மச்சான். வேலைய முடிச்சிட்டு ஒரேயடியா வாங்க. இங்கன ஆடு வளத்துக்கலாம்."

அவன் மந்தையைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் பதினொன்றும் முனகிக்கொண்டிருந்தன. அவளும் அவற்றோடு சேர்ந்து மெதுவாக ‘ம்ம்ம்’ என்றாள்.

"வாரேன்" என்றான்.