காக்காய்க்கு முதல் பிடி

நவராத்திரி வந்துவிட்டால் சேலையூரில் ஷ்யாம்சுந்தர் வீட்டில் கிழமைகளுக்குப் பெயர் மாறிவிடும். திங்கள், செவ்வாய் எல்லாம் சுவரில் தொங்கும் காலண்டரோடு சரி. வீட்டுக்குள் நடப்பது கொண்டைக்கடலை நாள், பட்டாணி நாள், காராமணி நாள். அன்றைய சுண்டல்தான் அன்றைய தேதி. அதோடு காலாண்டு விடுமுறையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். முந்தின நாள் மழையின் ஈரத்தில் பொழுது விடிவதும் தெரியாது, சாய்வதும் தெரியாது. தாம்பரம் ஸ்டேஷனில் மின்ரயில் கூவுவது யாருடைய தூக்கத்துக்குள்ளேயோ கூவுவது போலக் கேட்கும்.

இந்த வருஷமும் அப்படித்தான் மிதந்து போயிருக்கும். ஆனால் பன்னு சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

பன்னு ஒன்பது வயது நாட்டு நாய். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பூந்தொட்டி வாங்கப் போன ஷ்யாமின் மனைவி நாகலக்ஷ்மி, தொட்டியை விட்டுவிட்டு முந்தானைக்குள் போட்டுக் கொண்டுவந்த குட்டி. பேக்கரி பன் நிறம், அதனால் பன்னு. சைவ வீட்டில் வளர்ந்து, பருப்பு சாதமும் தயிர் சாதமும் தின்று, உடம்பில் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தான். மகள் சுப்ரஜா பிறந்து மூன்று மாதத்தில் வந்தவன் என்பதால், அவள் ஒன்றாவது படிக்கும் வரை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் அந்த வேண்டுதலை ஒரு வகுப்பு தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாகலக்ஷ்மிக்கு வங்கியில் பதினாறு வருஷம் கழித்துப் பதவி உயர்வு வந்தது. வந்ததோ வந்தது, மதுரைக்கு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவே அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து பன்னு தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறுவதற்கு முன் அவள் சொன்னது ஷ்யாமின் காதிலேயே இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுத்தா பழைய பிராஞ்சுக்கே வந்துடலாமாம். நீங்க சமாளிப்பீங்க, சுப்ரஜாவும் சமாளிப்பா. பன்னு சாப்பிடலைன்னா மட்டும் மறைக்காம சொல்லுங்க. பிரமோஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், நான் வந்துடுவேன்."

பெண்டாட்டி ஊருக்குப் போனால் புருஷன் ராஜா என்று சொன்னவன் யாரோ, அவன் நிச்சயம் சமையல் தெரிந்தவன். ஷ்யாம் எழும்பூர் அலுவலகத்துக்கு ஏழு மணி ரயிலைப் பிடித்து ஓடியே பழகியவன். அவனுக்குத் தெரிந்த சமையலறை என்பது, கையில் திணிக்கப்படும் டிபன் கேரியர். இப்போது மகளின் விடுமுறைக்காக ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தான்.

திங்கட்கிழமை பருப்பு சாதம் பிசைந்து வைத்தான். பன்னு மோந்துகூடப் பார்க்கவில்லை. உப்பு போதவில்லையோ என்று அவனே வாயில் போட்டுப் பார்த்தான். அது உண்மைதான், உப்பே இல்லை. செவ்வாய்க்கிழமை பூசணிக்காய் வேகவைத்து மசித்து, நெய் விட்டு, ஊட்டிக்கூடப் பார்த்தான். பன்னு மரியாதைக்கு அவன் கையை ஒருமுறை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்து வீட்டு நூர் பீவி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "சைவ வூடு, அதுலயும் புரட்டாசி, உள்ள கொடுக்கக் கூடாது, அதனால இங்கியே வெக்கிறேன்" என்று எலும்பு போட்ட கோழிச் சாறு ஒரு கிண்ணம் தன் வாசலில் வைத்தாள். தெரு நாய்கள் மூன்று மயங்கிக் கிறங்கி ஓடிவந்தன. பன்னு மட்டும் கேட்டருகே போய் அதைப் பார்த்துவிட்டு, ஏகாதசி விரதக்காரன் போலத் திரும்பி வந்து படுத்தான்.

இத்தனைக்கும் காலை ஏழே முக்காலுக்குப் பின்கட்டுக்கு ஒழுங்காக வந்துவிடுவான். மதில் பக்கம் உட்கார்ந்து, காதை நிமிர்த்திக்கொண்டு, அரை மணி நேரம் எதற்கோ காத்திருப்பான். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டுக் கொலுப்படிக்குக் கீழே போய்ச் சுருண்டுகொள்வான். நாகலக்ஷ்மி அந்தப் பக்கத்திலிருந்து வருவாள் என்று பார்க்கிறான் என்று ஷ்யாம் நினைத்தான்.

புதன்கிழமை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் வயிற்றை அமுக்கி, பல்லைப் பார்த்து, "உடம்புல ஒண்ணும் இல்ல சார். ஏக்கம்தான். மூணு நாளா தண்ணியும் ரெண்டு பிஸ்கெட்டும்னா வயசான நாய்க்குத் தாங்காது. நாளைக்கும் சாப்பிடலைன்னா அழைச்சுட்டு வந்துடுங்க, டிரிப்ஸ் ஏத்திடலாம்" என்றார். ஆட்டோவில் வரும்போது சுப்ரஜா பன்னுவின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

அன்று மத்தியானம் பட்டாணியை ஊறப்போட்டுவிட்டு ஷ்யாம் கொலுவின் முன் வெறும் தரையில் படுத்தான். மூன்றே படிதான் வைத்திருந்தார்கள். செட்டியார் பொம்மை, தசாவதாரம், சுப்ரஜா களிமண்ணில் செய்த பன்னு. சீரியல் விளக்கு பட்டப்பகலில் மினுக்கிக்கொண்டிருந்தது. விமானப் படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று வண்டு ரீங்கரிப்பது போல வானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கண் சொருகியது. சமையலறையில் வளையல் சத்தம் கேட்டது, கடுகு வெடித்தது, பெருங்காயம் மணத்தது. நாகலக்ஷ்மி கையில் ஒரு உருண்டை சாதத்தோடு அவனைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். எங்கே போகிறாய் என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பன்னு அவனைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

அப்போதுதான் அவனுக்குள் அந்த எண்ணம் நன்றாக உட்கார்ந்தது. சொல்லிவிட வேண்டியதுதான். இதுவரை அவள் கேட்கும்போதெல்லாம் "ம், கொஞ்சம் சாப்பிட்டான்" என்று மழுப்பியிருந்தான். நாளைக் காலை போனில் உள்ளதைச் சொல்லிவிட்டால் அவள் வந்துவிடுவாள். இந்த நினைப்பு வந்ததும் நெஞ்சு லேசானது. பாவி மனசு, நாய் பட்டினி கிடக்கிறது, இவனுக்குச் சந்தோஷம் வருகிறது. பதினாறு வருஷம் காத்திருந்து அவள் வாங்கிய பதவி என்பதும் தெரியும். தெரிந்தும், அவள் இல்லாத வீட்டில் இன்னொரு வாரம் இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் நூர் பீவி சுண்டல் வாங்கிக்கொள்ள வந்தாள். பட்டாணியை வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் மென்று, "நல்லா கீதுண்ணா" என்று பெரிய மனதோடு பொய் சொன்னாள். பிறகு கொலுப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"அக்கா போனதுல இருந்து எங்க வூட்லயும் ஒரே பேஜாருண்ணா. எங்க வூட்டுக்காரரு தெனமும் லேட்டு."

"நசீருதீன் பாய் லேட்டா? ஏன்?"

"அக்கா காலைல இந்த மதில் மேல சோறு வெச்சுகினு 'கா, கா'ன்னு கூப்புடுவாங்கல்ல? அதான் எங்களுக்கு மணி. அந்தச் சத்தம் கேட்டாத்தான் இவரு வண்டிய எடுப்பாரு, பல்லாவரம் கடையத் தொறக்க. மூணு நாளா சத்தமே இல்ல. மனுசன் பேப்பரப் படிச்சுகினு அப்டியே ஒக்காந்துடறாரு."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஷ்யாமுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழே முக்கால், பின்கட்டு, மதில், நிமிர்ந்த காது. அவன் உள்ளே போய், படம் வரைந்துகொண்டிருந்த மகள் எதிரில் உட்கார்ந்தான்.

"சுப்ரஜா, அம்மா பன்னுவுக்கு எப்போ சாப்பாடு வைப்பா?"

"காக்காய்க்கு வெச்ச அப்புறம்."

"தினமுமா?"

"தினமும்தான். காக்கா வந்து எடுத்தாத்தான் பன்னுவுக்கு. அப்புறம்தான் நமக்கு. இது தெரியாதாப்பா உங்களுக்கு?"

"ஏன்டி நீ சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள் சுப்ரஜா. சொல்லிவிட்டு அவளுக்கே விளங்கிப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். காக்காய்க்கு வைக்காமல் இந்த வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைப்பதில்லை என்பதை ஒன்பது வருஷமாகப் பார்த்து வளர்ந்தவன் பன்னு. மற்ற நாளில் ஏழு மணி ரயிலுக்கு ஓடி, ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் தலையைவிட்டுக்கொள்கிற ஷ்யாமுக்குத்தான் அது தெரியவில்லை. இந்த மூன்று நாளும் அப்பாவும் மகளும் பிரெட்டைக் கடித்துக்கொண்டும், குக்கரிலிருந்தே நேராகத் தட்டில் போட்டுக்கொண்டும் கண்ட நேரத்தில் தின்றிருக்கிறார்கள். அதைப் பார்த்து பன்னு என்ன நினைத்திருப்பான்? இவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டது, வீட்டில் இன்னும் சாப்பாட்டு வேளை வரவில்லை என்றுதான் காத்திருந்திருக்கிறான்.

வியாழக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஷ்யாம் குளித்துவிட்டு, பருப்பு வேகவைத்து, சாதம் வடித்து, இந்த முறை உப்பும் போட்டான். ஏழே முக்காலுக்கு ஒரு உருண்டை பிடித்து, நெய்யைத் தொட்டு வைத்து, மதில் மேல் கொண்டுபோய் வைத்தான். பன்னு ஏற்கெனவே அங்கே வந்து உட்கார்ந்திருந்தான்.

"கா" என்றான் ஷ்யாம். குரல் வெளியே வரவில்லை.

"இன்னும் சத்தமாப்பா. அம்மா மாதிரி இழுத்துக் கூப்பிடணும்" என்றாள் சுப்ரஜா.

"கா... கா... கா..."

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். வேப்பமரத்திலிருந்து ஒரு காகம் தலையைச் சாய்த்து, புதுக் குரலாக இருக்கிறதே என்று யோசிப்பது போல வெகு நேரம் பார்த்தது. பிறகு இறங்கி வந்து, மதிலில் இரண்டு எட்டு வைத்து, ஒரு வாய் எடுத்துக்கொண்டு பறந்தது. அடுத்த வீட்டில் நசீருதீன் பாயின் வண்டி உறுமிக் கிளம்பியது.

பன்னு எழுந்தான். முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தான். தன் தட்டிருந்த இடத்துக்குப் போய் நின்று, வாலை ஆட்டியபடி ஷ்யாமைத் திரும்பிப் பார்த்தான். தட்டில் பருப்பு சாதம் விழுந்ததும் அவன் தின்ற வேகத்தைப் பார்த்து சுப்ரஜா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஷ்யாமுக்கும் கண் நிறைந்தது. ஆனால் நிறைந்த கண்ணுக்குப் பின்னால் ஒன்று மெல்லச் சரிந்தது. அவளை வரவழைக்க இருந்த ஒரே காரணத்தை அந்த நாய் அவன் கண் முன்னாலேயே தின்று தீர்த்துக்கொண்டிருந்தது.

சரியாக எட்டு மணிக்குப் போன் வந்தது.

"பன்னு சாப்பிட்டானா?" நாகலக்ஷ்மி எடுத்ததும் கேட்டாள்.

ஒரு பொய்தான். சாப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சனிக்கிழமை பெருங்களத்தூரில் போய் நின்றுவிடலாம். தட்டின் விளிம்பைப் பன்னு நக்கும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டான் நாகு. தட்டுல ஒரு பருக்கை மிச்சமில்லை" என்றான். மூன்று நாள் பட்டினியையும், காக்கையையும், தன் மழுப்பலையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்.

"அப்படியா. நல்லது" என்றாள். அந்த நல்லதில் அரை மனசுகூட இல்லை. அவளும் அவன் வாயிலிருந்து அந்த மற்ற பதிலைத்தான் எதிர்பார்த்திருந்தாள் என்று ஷ்யாமுக்குச் சட்டென்று புரிந்தது.

"நீ சாப்பிட்டியா?"

"மெஸ்ல பொங்கல் பொட்டலம் கட்டிக் கொடுத்தாங்க. அப்படியே இருக்கு."

"ஏன்?"

"இந்த ரூம் ஜன்னல்ல வலை அடிச்சிருக்காங்க. காக்காய்க்கு வைக்க ஒரு ஜாண் இடமில்லை. வைக்காம எனக்கு இறங்க மாட்டேங்குது. நாலு நாளா டீயும் பிஸ்கெட்டும்தான்" என்றாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

வா என்று சொல்ல வாய் துடித்தது. அவன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டான்.

"நாகு, நாளைக்கு அந்த லெட்டரை எழுதிடாதே. இங்க எல்லாரும் சாப்பிடறோம். இரு, வெச்சுடாதே."

போனை ஸ்பீக்கரில் போட்டு மதில் மேல் வைத்தான். இன்னொரு உருண்டை பிடித்து அதன் பக்கத்தில் வைத்தான். பிறகு, நூர் பீவி பார்த்தால் பார்க்கட்டும் என்று, அப்பாவும் மகளுமாக இழுத்துக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை காகம் யோசிக்கவில்லை. இரண்டு மூன்றாக வந்து, போனைச் சந்தேகத்தோடு ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு, சத்தமாகக் கரைந்து சாதத்தை எடுத்தன.

"வந்துடுச்சும்மா, கேட்டுதா?" என்று சுப்ரஜா கத்தினாள்.

மதுரையில் எங்கேயோ ஒரு அறையில் பொட்டலத்தின் நூலை அறுக்கும் சத்தமும், வாழையிலை பிரியும் சத்தமும் கேட்டன. பிறகு, வாய் நிறைய, "மிளகு ஜாஸ்தி" என்றாள் நாகலக்ஷ்மி. பன்னு மறுபடியும் தன் தட்டருகே போய் உட்கார்ந்து வாலை ஆட்டினான்.