கப்பல் நிற்கும் நேரம்

1

"துறைமுகத்தைப் பெருசாக்கினா கடல் நம்ம ஊருக்குக் கிட்ட வந்துருமா தாத்தா?"

கேட்டவள் எதிர்வீட்டுப் பிரிசில்லா. இரண்டாம் வகுப்பு. மேல்விஷாரத்துக் கல்லூரி மலர் ஒன்றுக்காக, கடலோர நாடு கடலால் எப்படி வளரலாம் என்று நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் ஏற்றுமதிப் பேப்பர் பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருந்தார்கள். எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பது என் பழக்கம். ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள்.

"வராது கண்ணு."

"அப்ப எங்க அப்பா மட்டும் எப்பிடிக் கிட்ட வருவாரு?"

கட்டுரை அங்கே நின்றது. இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது.

2

முதல் முயற்சி: "ஆம்பூருக்கும் கடலுக்கும் நடுவே எத்தனையோ ஊர்கள் இருந்தாலும், இங்கே ஒட்டப்படும் ஒவ்வொரு ஷூவும் ஒருநாள்"

வேண்டாம். இது ஷூவைப் பற்றிய கதை அல்ல.

இரண்டாம் முயற்சி: "மெர்சியின் கணவன் கௌதம் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான்." இது போதும். மெர்சி, பிரிசில்லாவின் அம்மா. மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்ஷன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். கேட்காமல் எழுதுகிறேன், இந்த மரியாதையாவது இருக்கட்டும்.)

3

கட்டுரையில் நான் ரசித்து எழுதிய வரி இது: "முன்பு சரக்கை இறக்கி ஏற்ற ஒரு கப்பல் இரண்டு மூன்று நாள் நின்றது, இன்று பல கப்பல்கள் ஒரு நாள்கூட நிற்பதில்லை. கப்பல் நிற்கும் நேரம் குறையக் குறைய நாடு வளரும்."

வரியில் தவறில்லை. பெரிய கிரேன்கள் வரட்டும், துறைமுகம் ஆழமாகட்டும். கௌதம் போன்ற பையன்களுக்கு வேலை கிடைப்பதும் அதனால்தான். ஆனால் கப்பல் நிற்கிற அந்த நேரத்தில்தான் ஒருவன் தன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியும். அதைக் கட்டுரையில் எந்தப் பத்தியில் வைப்பது?

4

கௌதம் போன மூன்றாம் மாதம் அவன் கப்பல் சென்னைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். மெர்சி ஞாயிறு காலை ரயிலேறிப் போனாள். கப்பல் முந்தின நாளே போய்விட்டிருந்தது. எப்போது கிளம்பும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

[கடைசி வாக்கியம் பொய். அடிக்காமல் விட்டிருக்கிறேன். எவ்வளவு சுலபமாகத் தப்பிக்கப் பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.]

5

நடந்தது இது. அதற்கு முந்தின வியாழக்கிழமை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"அங்கிள், சனிக்கிழமை காலையிலயே கெளப்பிருவாங்கன்னு அவரு சொல்றாரு. லீவு போட்டா நாளைக்கே போயிடலாம். ஆனா ஷிப்மென்ட் டயம், தவ்ஃபீக் சூப்பர்வைசரு பேஜார் பண்ணுவாரு. இன்னா பண்றது?"

"உன் வூட்டுக்காரன் கப்பல் ஏறி மூணு மாசம்தான் ஆவுது. நான் முப்பது வருசம் பாத்தவன்மா. எறக்கி ஏத்தவே ரெண்டு நாள் ஆவும். திங்கக்கிழமைக்கு முன்ன நகராது. லீவை ஏன் வீணாக்குற? ஞாயித்துக்கிழமை கொழந்தையையும் கூட்டிக்கினு நிம்மதியா போ."

அவள் முகம் தெளிந்தது. "அதானே! மூணு மாசத்துல கேப்டன் ஆயிட்டாப்ல பேசுறாரு."

இருவரும் சிரித்தோம். நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பத்து வருடம் ஆகியிருந்தது. துறைமுகம் மாறிவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது; கட்டுரைக்காகப் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். தெரியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

6

கப்பல் சூட்டுக்கு உறுத்தாமல் இருக்கட்டும் என்று நான்கு முறை துவைத்து மெதுவாக்கிய இரண்டு குடியாத்தம் லுங்கிகளையும், ஒரு டப்பா அதிரசத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். துறைமுக வாசல்வரை போய், எல்லாவற்றையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

சாயங்காலம் பிரிசில்லா ஒரு தட்டோடு வந்தாள். "அப்பாக்குச் செஞ்ச அதிரசம். உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க." பிறகு தானாகச் சொன்னாள்: "அம்மா ட்ரெய்ன்ல அழல தாத்தா. முந்தானையால மூஞ்சிய மூடிக்கினு தூங்குனாங்க."

"நீங்கதானே அங்கிள் சொன்னீங்க" என்று மெர்சி ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். வாரா வாரம் மற்ற துணிகளோடு அந்த லுங்கிகளையும் நனைத்துக் கொடியில் போட்டாள்.

7

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கப்பல் ஏதோ கோளாறால் திரும்பி வருகிறது. (கதையில்கூட இப்படி வேண்டக்கூடாது. அதில் இருபது பேர் இருக்கிறார்கள்.)

இரண்டு: கௌதம் கடலை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுகிறான். அவன் ஆசைப்பட்டுப் போன வேலை அது. அதை அவனிடமிருந்து பிடுங்க நான் யார்?

மூன்று: தப்பாகச் சொன்ன கிழவன் போய் மன்னிப்புக் கேட்கிறான். இதை எழுதுவதற்கு முன் செய்து பார்க்கலாமென்று ஒருநாள் எதிர்வீட்டுக்குப் போனேன். மெர்சி காபி கொடுத்து, "பிரஷர் மாத்திரை தவறாம போடுறீங்களா?" என்று கேட்டாள். குடித்துவிட்டு

8

மேலே உள்ள வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தபோதுதான், கப்பல் மறுபடி சென்னைக்கு வருகிறது என்று பிரிசில்லா ஓடிவந்து சொன்னாள். அதற்குமேல் கதை என் கையில் இல்லை.

எட்டாவது மாதம். மெர்சியிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள் லீவு. முந்தின நாளே சொல்லியாக வேண்டும். கௌதம் புதன் என்றான், அப்புறம் வியாழன் என்றான். தெருவில் பலரிடம் அவள் விசாரித்தாள். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. அதுவும் என் மனம் நோகக்கூடாது என்றுதான் என நம்புகிறேன்.

சென்னையில் ஷிப்பிங் ஏஜென்சி வேலையில் இருக்கும் என் பழைய தோஸ்த் உமர் ஃபாரூக்குக்கு நான்கு நாள், காலையும் மாலையும் போன் செய்தேன்.

"இன்னா சார், அந்தக் கப்பல்ல உங்க சரக்கு ஏதாச்சும் வருதா?"

"ஆமாம்பா. ஒரே ஒரு உருப்படி."

செவ்வாய் மதியம் அவன் சொன்னான்: "நாளைக்குக் காலைல நாலு மணிக்குக் கப்பலைக் கரையில கட்டுறாங்க. ராத்திரி ஏழுக்குக் கெளம்பிரும். பக்கா."

"இதை ஒரு நம்பருக்கு அனுப்பு. உங்க ஆபீஸ்லருந்து வந்த மாதிரி இருக்கட்டும். என் பேரு வேணாம்."

"ஏன் சார்?"

"என் பேரு இருந்தா நம்ப மாட்டாங்கப்பா."

பெயரை மறைப்பது பொய்யாகுமா என்று அன்று ஜெபத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. தடையும் வரவில்லை. (இந்தக் கதையையும் பெயர் போடாமல்தான் அனுப்புகிறேன். மலருக்குக் கட்டுரை மட்டும் போதும்.)

9

புதன்கிழமை காலை, தெருமுனையில் கம்பெனி பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மெர்சி ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போகும் ஆட்டோவில் அவளும் பிள்ளையும் ஏறினார்கள். நான் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. அவன் முதலில் பிள்ளையைத் தூக்கினானா, மனைவியின் கையைப் பிடித்தானா, கரையிறங்க அனுமதி எத்தனை மணி நேரம் கிடைத்தது, கிடைத்ததா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. யாருக்காகவாவது எப்போதாவது காத்திருந்தவர் நீங்கள் என்றால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நேரத்தை மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள்.

ஆட்டோ சத்தம் அடங்கியதும், போனில் உமர் ஃபாரூக்கை அழைத்த பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.