காப்புக் கட்டும் நாளில் இரண்டு கோடு

கிட்டில் இரண்டாவது கோடு விழுந்திருந்தது. முதல் கோட்டைவிட அழுத்தமாகவே விழுந்திருந்தது. அன்பரசி குளியல் தட்டியை விட்டு வெளியே வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். கோடு எங்கேயும் போகவில்லை.

கல்யாணமாகி ஐந்து வருடம். அவளுக்கு மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். சமயத்தில் அதுவும் வராது. போளூர் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துவிட்டுச் சொன்னது அப்படியே நினைவிருந்தது.

"சினைப்பையில முட்டை முதிரும்போது ரத்தத்துல ஒரு ஹார்மோன் ஏறும். 'நான் தயார்'னு மூளைக்குச் சொல்ற சேதி அது. மூளைக்கு அடியில பட்டாணி கணக்கா ஒரு சுரப்பி இருக்கு. அது பதிலுக்கு வேற ஒரு ஹார்மோனைக் கொட்டும். அப்பதான் முட்டை வெளிய வரும். உனக்கு இந்தப் பேச்சு நடுவுல அறுந்து அறுந்து போவுது. உங்க மலைல போன் பேசற மாதிரி."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மாத்திரையும் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் இந்த கிட்டுகளும் கொடுத்தார். பதில் ஹார்மோன் கொட்டிவிட்டால் இரண்டாவது கோடு அழுத்தமாக விழும். ஒன்றரை நாளுக்குள் முட்டை வரும். வந்த முட்டை ஒரு நாள்தான் தாங்கும். "கோடு தெரிஞ்ச அன்னைக்கும் மறுநாளும் வீட்டுக்காரரை எங்கயும் அனுப்பாத."

அன்பரசி அனுப்பிவிட்டிருந்தாள்.

டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாட்கள் முழுக்க ஒற்றைக் கோடுதான். நாள் கடந்தது. இந்த மாதமும் போயிற்று என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். மாரியம்மனுக்கு வீட்டுக்கு ஒருவர் காப்புக் கட்ட வேண்டும். போன வருடம் மச்சாண்டார், கணவனின் அண்ணன் சந்திரன். இந்த வருடம் அவள் கணவன் குணசீலன். "நீங்க போய்ட்டு வாங்க" என்று சொன்னவளும் அவள்தான். மஞ்சள் கோத்த கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் திருவிழா முடிகிறவரை கோயிலிலேயே படுக்கை. வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பெண்டாட்டி கையால் தண்ணீர்கூட வாங்கக் கூடாது.

மிச்சமிருந்த ஒரு கிட்டை வீணாக்குவானேன் என்றுதான் இன்று போட்டுப் பார்த்தாள்.

கீழே கோயில் பக்கம் பம்பை முழங்கியது.

கிட்டை முந்தானையில் முடிந்துகொண்டு சாமைக் கொல்லைக்குக் குறுக்கே ஓடினாள். போனில் கூப்பிடவும் வழியில்லை. குணசீலன் போனை மாடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான். குழாயடியில் அவள் ஓரகத்தி மங்கம்மாள், சந்திரனின் மனைவி, குடத்தோடு நின்றிருந்தாள்.

"இன்னாடி, பன்னி தொரத்தறாப்ல ஓடற?"

அன்பரசி நிற்கவில்லை. மங்கம்மாள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டுப் பின்னால் வந்தாள்.

ஓடும்போதே அன்பரசிக்கு ஒரு வழி தோன்றியது. வீட்டில் தீட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வீட்டு ஆணுக்குக் காப்பு கிடையாது. மனம் துள்ளியது. நாலு எட்டு வைப்பதற்குள் அடங்கியது. தீட்டென்றால் அவள் ஊருக்கு வெளியே உள்ள குடிசையில் போய் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் குணசீலன் தலைவைத்தும் படுக்க முடியாது.

உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். அதுவும் அத்தனை ஆம்பளைகள் முன்னால்.

கோயிலெதிரே ஆண்கள் ஈர வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு ஒவ்வொரு கையாகக் கட்டிக்கொண்டு வந்தார். குணசீலன் கையை நீட்டிவிட்டான்.

"மாமா, அவருக்குக் கட்டாதீங்க!"

பம்பை நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. அன்பரசிக்குக் காது சுட்டது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் ராஜாக்கண்ணு.

"அவரு… இன்னிக்கு வூட்ல இருக்கணும் மாமா. நாளைக்கும்."

"அப்படி இன்னா வேலை?"

முந்தானையை அவிழ்த்து கிட்டைத் தூக்கிக் காட்டினாள். "டாக்டரம்மா சொல்லிச்சு. ரெண்டு கோடு வந்தா அவரு வூட்ல இருக்கணுமாம். அஞ்சு வருசத்துல இப்பதான் வந்திருக்குது மாமா."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. மூச்சிரைக்க வந்து சேர்ந்த மங்கம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"அதான் வேலை! வேற இன்னா வேலை?" என்று கத்தினாள். "கவுண்டரே, கயித்த அப்படியே புடிங்க!"

சிரிப்பு வெடித்தது. குணசீலன் நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டான்.

ராஜாக்கண்ணு சிரிக்கவில்லை. "காப்பு வேணாம்னா விட்றலாம். ஆனா அந்த வூட்டு கை ஒண்ணு வேணுமேம்மா. ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது?"

அன்பரசி பம்பைக்காரர்களுக்குப் பின்னால் நின்ற சந்திரனைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"யோவ், அங்க இன்னா பராக்கு?" மங்கம்மாள் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போய் உக்காரு."

"போன வருசந்தானடி கட்னேன்."

"கட்னியே, அத்தினி நாளும் நிம்மதியா தூங்கனேன். இந்த வருசமும் தூங்கறேன், போ."

ராஜாக்கண்ணு இப்போது சிரித்துவிட்டார். "ஊத்துங்கப்பா சந்திரன் தலைல ரெண்டு கொடம். ஏம்மா அன்பரசி, ஆத்தா கொடுக்கிறத ஆத்தா பேரச் சொல்லியே தடுத்தா நல்லாருக்காது. கூட்டிட்டுப் போ."

இருவரும் மேட்டுப் பாதையைப் பிடித்தார்கள். ஈர வேட்டி காலில் தடுக்க குணசீலன் முன்னால் போனான். பலாமரத்தடியில் நின்று திரும்பினான்.

"காட்டு, பார்க்கலாம்."

கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கி உற்றுப் பார்த்தான்.

"இதுல எது நம்ம கோடு?"

"அந்தாண்ட இருக்கறது."

"நல்லாத்தான் அழுத்தமா கீது."

பின்னால் பம்பை மறுபடி முழங்கியது. சந்திரன் கையில் கயிறு ஏறியிருக்கும். "முட்டை வந்துடுச்சா, இனிமேதானா?" என்றான் குணசீலன்.

"தெரியல."

"அப்ப இன்னா நின்னுகினு இருக்கற?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். இருவரும் ஓட்டமும் நடையுமாக மேட்டில் ஏறினார்கள்.