பாகு இறுகும்வரை

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் தெருவில் அந்தக் காது நான்தான். அதனால் பக்கத்து வீட்டு மாப்பிள்ளை மூட்டை கட்டுகிற சேதி, அவர் மாமனாருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

வீட்டோடு மாப்பிள்ளை. வேலையும் மாமனார் வாங்கிக் கொடுத்ததே. பழைய பாட்டில்களைக் கரைத்து, பிளாஸ்டிக் ஆவதற்கு முன்பிருந்த வெள்ளைப் பொடியாக்கி, அந்தப் பொடியைப் பெரிய கலனில் காய்ச்சி மறுபடி புது பிளாஸ்டிக் ஆக்குகிற ஆலை. மாப்பிள்ளை கலனைவிட்டு இறங்கினால் மாமனார் ஏற வேண்டும். ஒரே கலன், ஒரே சோறு, ஒரே கூரை. பாவம், மூச்சு விடக்கூட முறை வைத்துத்தான்.

மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறு ஆளுக்கு. காலை ஷிப்ட் முடிந்ததும் பஸ். அவர் மனைவி, மாமனாரின் மகள், பெட்டியோடு வாசலில் தயார். அடுத்த ஷிப்டுக்குப் போக வேண்டிய அப்பா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"என்னண்ணே, ஷிப்ட் இல்லையா?"

"முட்டி வலிம்மா."

"காலையில தண்ணி கேனைத் தூக்கிட்டு மாடி ஏறினீங்களே, அது யார் முட்டி?"

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். எனக்கு வசதி.

"அப்பா வரமாட்டார். நீங்க கிளம்பி வாங்க."

"பொடி உருகிப் பாதிப் பாகா நிக்குதுடி. இப்ப விட்டா கலனுக்குள்ளேயே கல்லா இறுகிடும். உளி வெச்சுத்தான் உடைக்கணும்."

"இறுகட்டும்! இங்க நாம இறுகிட்டிருக்கோமே, அது தெரியலையா?"

பாகைக் கலக்குகிற மோட்டார் உறுமியது. அதற்கு மேலே அவர் குரல்: "கொஞ்சம் பொறு. பாகு கெட்டியாகி மோட்டார் திணறுது. பதம் வந்துட்டிருக்கு."

"பஸ்ஸும் வந்துட்டிருக்கு."

மனுஷர் வீடு வந்தபோது பஸ் போய் வெகுநேரம். அவருக்கு முன்பே மேனேஜர் போன் வந்துவிட்டது: பழைய பாட்டில் பொடியில் இத்தனை வெள்ளையாக யாரும் காய்ச்சியதில்லையாம், இனி அந்தக் கலனுக்கு நிரந்தரப் பொறுப்பு மாப்பிள்ளைதானாம். மாமனாருக்கு முட்டி வலி பறந்தது. வீடு வீடாக இனிப்பு.

"இனி கம்பெனியே அவரை விடாதும்மா!"

நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன். இனிப்பு என்ன பாவம் செய்தது?

மாப்பிள்ளை வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் பெட்டியைத் திறந்து, அவர் துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி பூட்டினாள்.

பெட்டி இன்னும் உள்ளே போகவில்லை. தினமும் எட்டிப் பார்க்கிறேனே. நிலைப்படியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மாமனார் அதைத் தாண்டித்தான் ஷிப்டுக்குப் போகிறார், முட்டியை நன்றாகத் தூக்கி.