‘இரவு’க்கு நேரே இருபத்துநான்கு

கோணலான பட்டியலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓட்டல் மெனு கார்டில் விலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இல்லாவிட்டால் தோசை தொண்டையில் இறங்காது. தங்கை மாளவிகாவின் கல்யாணத்துக்குச் சமையல்காரர் கொடுத்த சாமான் லிஸ்டை வாங்கி நான் மறுபடி டைப் அடித்ததை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். பெங்களூரில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் நான். எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்கும் எழுத்துருவில்தான் என் கண் நிலைக்கும்.

அபிராமபுரத்தில் இருந்த அம்மாவுக்கு டாக்டர் மருந்துகளை மாற்றியபோதும் அதே புத்திதான் வேலை செய்தது. காலை, மதியம், இரவு என்று மூன்று பத்தி பிரித்து அட்டவணை போட உட்கார்ந்தேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. படித்துப் பார்த்து மருந்து கொடுப்பது, கூடவே தங்கி அவளைப் பார்த்துக்கொண்ட அன்புக்கரசி. சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊர்க்கோடிப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கி அனுப்பப்பட்ட குடும்பம் அவளுடையது. அவளுக்குத் தமிழில் எழுதினால்தான் ஆகும்.

அரை மணி நேரம் எழுத்துரு தேடினேன். ஆங்கிலத்துக்கு நூறு இருக்கிறது. தமிழுக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை; ‘ர’வுக்கும் ‘ணை’க்கும் ஒரே அகலம் கொடுத்தால் பார்க்கச் சகிக்காது. கடைசியில் எனக்குப் பழகிய ஆங்கில எழுத்துருவையே தேர்ந்தெடுத்து, இடைவெளி விசையைத் தட்டித் தட்டித் தமிழை அதில் நேராக்கினேன். இன்சுலின் காலையில் 24 யூனிட், இரவில் 8. மதியம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கலாம். கோடு போட்டால் அழகு கெடும் என்று வெறுமனே விட்டேன். என் திரையில் பத்திகள் கிழித்த கோடு மாதிரி நின்றன. சாயங்காலம் அந்த ஃபைலை அப்படியே வாட்ஸப்பில் அன்புக்கரசிக்கு அனுப்பிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அம்மா கண் விழிக்கவில்லை. சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்றார்கள். நான் வந்து சேர்ந்த அன்றே போய்விட்டாள்.

ராத்திரி எவ்வளவு போட்டாய் என்று டாக்டர் கேட்டதற்கு, இருபத்துநான்கு என்று அன்புக்கரசி சொன்னாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, என் அம்மாவைக் கொன்றவள் என்று கத்தினேன். அவள் ஏதோ சொல்ல வந்து ஃபோனை நீட்டினாள். தட்டிவிட்டேன். அவளை அனுப்பிவைத்த அசோக் நகர் ஏஜென்சிக்கும் அதே வார்த்தையைச் சொன்னேன். அவளை உடனே நிறுத்திவிட்டார்கள்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் காலை அவள் வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“வேல போச்சேன்னு வர்ல சார். எந்த ஏஜென்சிக்குப் போனாலும் அம்மாவக் கொன்னவளுன்றாங்க. அத்த மட்டும் நீ மாத்திச் சொல்லு.”

ஃபோனைத் திறந்து என் கையில் கொடுத்தாள். என் அட்டவணையேதான். நான் தேர்ந்தெடுத்த எழுத்துரு அந்த ஃபோனில் கிடையாது. ஃபோன் தன்னிடம் இருந்த எழுத்துகளைப் போட்டுக்கொண்டதில் நான் தட்டிய இடைவெளிகளெல்லாம் நீண்டுபோய், 24 ‘இரவு’க்கு நேர் கீழே வந்து நின்றிருந்தது. 8 மடங்கி அடுத்த வரியில் விழுந்து, எதற்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. யார் படித்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள். நானே அப்படித்தான் படித்திருப்பேன்.

“எனுக்கே சந்தேகம் சார். அதான் வாய்ஸ் அனுப்னேன். நீ கேக்கவேயில்ல. கேட்டிருந்தா இந்த மைக்கு நீலமாயிருக்கும், இன்னும் ஆவுல பாரு.”

குரல் செய்தி எதையும் நான் கேட்பதில்லை. எதுவானாலும் எழுதி அனுப்பு என்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. அன்றைக்கு மீட்டிங்கில் அது வந்ததைப் பார்த்தேன், தள்ளிவிட்டேன். இப்போது என் ஃபோனை எடுத்துத் தேடினேன். இருந்தது. பதினோரு நொடி.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் புத்தி முதலில் போனது அழிக்கத்தான். அவள் ஃபோனும் என் கையில்தான் இருந்தது. மாளவிகா சமையலறையில் இருந்தாள், சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பியாயிற்று. இரண்டு இடத்திலும் அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அதில் என்னதான் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு அழிக்கலாம் என்றுதான் அமுக்கினேன்.

“சார், இருவத்தினாலு ராத்திரிக்கா? கோணலா கீது, ஒண்ணும் புரில. ஒரு வாட்டி வாயால சொல்லு சார்.” அவ்வளவுதான் அவள் பேசியது. பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “அவன் எதுலயும் தப்புப் பண்ண மாட்டாண்டி. எழுதியிருக்கறபடியே போடு.”

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. மாளவிகா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“அம்மா குரல் கேட்டுதே. என்னண்ணா அது?”

அன்புக்கரசி என்னைப் பார்த்தபடி நின்றாள். முதலில் அந்தக் குரல் செய்தியை ஏஜென்சி நம்பருக்கு அனுப்பினேன். பிறகு தங்கையை உட்காரச் சொல்லி, மறுபடியும் போட்டேன்.