குண்டு எழுத்து

தாளை வாசல் கதவில் ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தபோதுதான் மருமகள் அதைக் கவனித்தாள். அத்தை இறந்த செய்தி, எடுக்கும் நேரம், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அத்தையின் பெயர் மட்டும் குண்டு எழுத்தில் நின்றது.

அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் அதற்கு அதுதான் பெயர். மூலை முடுக்கே கிடையாது. கன்னம் உப்பி, உள்ளே இருக்கிற ஓட்டைகள்கூடக் கடுகளவாகச் சுருங்கிப்போன எழுத்து. நாலு வரி சேர்ந்தாற்போல வைத்தால் கண் வலிக்கும். ஒரே ஒரு சொல்லுக்கு வைத்தால் தெருக்கோடியில் போகிறவனையும் கூப்பிடும். ஐஸ்கிரீம் கடை, பொம்மைக் கடை, பிறந்தநாள் பலகை எல்லாம் அதன் ராஜ்யம். சாவு வீட்டுப் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. காலையில் அச்சகத்துக்கு ஓடியவள், கணினியில் இருந்த குழந்தைகள் உடுப்புக் கடை விளம்பரத்தை அழித்து அதே பக்கத்தில் செய்தியை அடித்தாள். மற்ற வரிகளை மெல்லிய எழுத்துக்கு மாற்றினாள், பெயரை விட்டுவிட்டாள்.

தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம். விடிகாலையில் அத்தையின் மூச்சு நின்றதும் முதலில் வந்தது அழுகை இல்லை, அப்பாடா என்ற நிம்மதி. வலியில் அத்தை போட்ட கூச்சலுக்கும், புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்த தன் இடுப்புக்கும் சேர்த்து வந்த நிம்மதி. யாருக்கும் தெரியாமல் அவள் பூட்டி வைத்திருந்ததை இந்தத் தாள் ஊருக்கே தம்பட்டம் அடித்துவிட்டது.

நாத்தனார் வந்து பார்த்தாள்.

"என்ன அண்ணி இது, கடை திறப்பு விழா மாதிரி? அம்மா போனதுல நமக்கு சந்தோஷம்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேறு அடித்துக்கொண்டு வருகிறேன் என்று முனகியபடி தாளைக் கிழிக்கக் கையை நீட்டினாள். அதற்குள் மாமா வெளியே வந்தார். காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மனைவியின் பெயரை வாசித்தார். கை தானாகப் போய் முதல் எழுத்தின் வயிற்றைத் தடவியது.

"கல்யாணத்துல இப்படித்தான் இருந்தா. மாலை கழுத்துல இறங்கவே இல்ல," என்றார். "கொஞ்ச காலமா எலும்பைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தோம்."

மாமா மருமகளைப் பார்க்காமல், தாளைப் பார்த்தே சொன்னார்.

"காலைல எனக்கும் அப்பாடான்னுதாம்மா இருந்துச்சு. இருக்கட்டும், கிழிக்காதே."

அவர் உள்ளே போய்விட்டார். மருமகள் நிலைப்படியில் உட்கார்ந்து, அன்று முதல் தடவையாக அழுதாள்.

நாத்தனார் மிச்சத் தாள்களையும் பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். அங்கே கம்பத்தில், எக்கி நின்று, தூரத்தில் வருகிறவர்களுக்கும் தெரிகிற உயரத்தில் ஒட்டினாள்.